டீஃபால்ட்: முன்னிருப்பா, இயல்பிருப்பா?

கடன் தவணையைக் கட்டத் தவறுவதையும், கணினி நிரலில் யாரும் மாற்றாமல் விட்ட மதிப்பையும் ஆங்கிலம் ஒரே சொல்லால் குறிக்கிறது: டீஃபால்ட். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். வேர் லத்தீன் 'ஃபாலெரே'. ஏமாற்றுதல், தவறச் செய்தல் என்பது பொருள். குறையைச் சொல்லும் 'ஃபால்ட்' இதற்கு உடன்பிறப்பு. பிரதிவாதி வராததால் அவர் இல்லாமலேயே சொல்லப்படும் தீர்ப்புக்கும் இந்தப் பெயர் உண்டு. கணினிப் பொருள் இங்கிருந்து பார்த்தால் எளிதில் விளங்கும்: பேச வேண்டியவர் பேசவில்லை, ஆகவே இந்த மதிப்பு நின்றது.

தமிழில் முன்னிருப்பு, இயல்புநிலை, இயல்பிருப்பு என மூன்றும் வழங்குகின்றன. புயல் ஓய்ந்தால் 'இயல்புநிலை திரும்பியது' என்று செய்தித்தாள் எழுதும். அந்தச் சொல்லை அங்கேயே விட்டுவிடலாம். முன்னிருப்பில் எனக்கு வேறு மனத்தாங்கல். 'முன்' காலத்தையும் குறிக்கும், வரிசையையும் குறிக்கும். ஆவணத்தில் 'முன்னிருப்புக்கு முன்னுரிமை குறைவு' என்று எழுதிப் பாருங்கள், படிப்பவர் ஒரு நொடி தடுமாறுவார். இயல்பிருப்பு என்றால் அந்தக் குழப்பம் இல்லை.

இந்தத் தடுமாற்றம் நிரலுக்குள்ளும் நடக்கிறது. படத்தைச் சிறிதாக்கும் கட்டளைவரி நிரல் ஒன்று, அதாவது கட்டளையைத் தட்டச்சு செய்து இயக்கும் நிரல். அகலத்துக்கு இயல்பிருப்பு 800. பயனர் தன் அமைவுக் கோப்பில், அதாவது தனக்கு வேண்டிய மதிப்புகளைக் குறித்து வைக்கும் கோப்பில், 1200 என்று எழுதி வைக்கிறார். கட்டளையில் அகலத்தைப் பற்றி எதுவும் சொல்லாமல் நிரலை இயக்குகிறார். படம் 800 அகலத்தில் வருகிறது! காரணம் எளியது. பைத்தான் நிரல்மொழியில் கட்டளையைப் படித்துத் தரும் 'ஆர்க்பார்ஸ்' போன்ற தொகுதியிடம் இயல்பிருப்பு 800 என்று சொல்லி வைத்தால், பயனர் வாய் திறக்காவிட்டாலும் அது 800ஐ நிரப்பித் தந்துவிடும். அடுத்து வரும் வரிகளோ அதைக் கட்டளையில் கேட்ட மதிப்பாக நினைத்துக் கோப்பை ஒதுக்கிவிடுகின்றன. வராதவருக்கு வழக்கில் வெற்றி.

இதற்குப் பலரும் போடும் ஒட்டு, 'மதிப்பு 800 என்றால் கோப்பைப் பார்' என்னும் நிபந்தனை. அப்போது 800 வேண்டுமென்றே தட்டச்சு செய்தவருக்கு 1200 கிடைக்கும். நாற்பது தெரிவுகள் இருந்தால் இப்படி நாற்பது ஒட்டுகள். ('ஆப்ஷன்' என்பதைத் தெரிவு என்றே எழுதுகிறேன். 'விருப்பம்' மனத்தில் இருப்பது. தெரிவு எடுத்துச் சொன்னது. குறளின் 'தெரிந்துதெளிதல்' அதிகாரத்தில் தெரிதல் என்பது ஆராய்ந்து தேர்வதுதான்.)

சொல்லின் பொருளைப் பிடித்துக்கொண்டால் நிரல் சுருங்கும். கட்டளையைப் படிக்கும் பகுதியில் இயல்பிருப்பே வேண்டாம். சொல்லாததைச் சொல்லாததாகவே விடட்டும். ஆர்க்பார்ஸில் 'சப்ரஸ்' என்று கொடுத்தால், சொல்லாத தெரிவு விடையில் இடம்பெறவே இடம்பெறாது. இயல்பிருப்புகள் எல்லாம் ஒரே அட்டவணையில் இருக்கட்டும். பிறகு கட்டளைத் தெரிவு, சூழல் மாறி (நிரலுக்கு வெளியே இயங்குதளத்தில் குறித்து வைக்கும் மதிப்பு), அமைவுக் கோப்பு, இயல்பிருப்பு என்று வரிசையாக அடுக்கி, முதலில் பேசியவரின் மதிப்பை எடுத்துக்கொண்டால் போதும். பல அட்டவணைகளை வரிசையாகத் தேடும் 'செயின்மேப்', 2012இல் பைத்தான் 3.3உடன் வந்தது, இத்தகைய அடுக்குக்குக் கச்சிதமாகப் பொருந்தும். அடுக்கி முடித்ததும் கிடைக்கும் ஒற்றை அட்டவணைதான் 'கான்ஃபிகரேஷன்'. லத்தீனில் சேர்த்து உருக்கொடுத்தல் என்ற பொருள் அதற்கு உண்டு, அதனால் 'அமைவடிவம்' எனக்கு நிறைவான சொல். நிரலின் மற்றப் பகுதிகள் இந்த அட்டவணையை மட்டும் பார்த்தால் போதும். மதிப்பு எங்கிருந்து வந்தது என்ற கவலை அவற்றுக்கு வேண்டாம்.

ஆம்–இல்லை வகைத் தெரிவுகளில் இன்னும் கொஞ்சம் கவனம் தேவை. 'வண்ணம் வேண்டும்' என்று கோப்பில் இருக்கும்போது, இந்த ஒருமுறை வேண்டாம் என்று கட்டளையில் எப்படிச் சொல்வது? அதற்குத்தான் பல நிரல்கள் தெரிவின் பெயருக்கு முன் 'நோ' சேர்த்த எதிர்வடிவத்தையும் தருகின்றன. 2020இல் வெளியான பைத்தான் 3.9 முதல் ஆர்க்பார்ஸே அதை உருவாக்கித் தரும். ஆவணம் எழுதும்போது இங்கே 'இல்லை' என்ற சொல்லை நான் தவிர்த்துவிடுகிறேன். தமிழில் அது மறுப்புக்கும் ஆகும், இன்மைக்கும் ஆகும். 'வேண்டாம்', 'சொல்லவில்லை' என்று இரண்டாகப் பிரித்து எழுதுவதே என் வழக்கம்.