சாயும் மூன்று சக்கர ஸ்கூட்டர்: பழையது வாங்கும்போது முன்பக்கத்தைப் பாருங்கள்

மூன்று சக்கரம் இருக்கிறதே, கீழே விழாது என்று நம்பித்தான் பலர் இந்த வண்டியைத் தேடுகிறார்கள். விழும். பியாஜியோ எம்பி3, யமஹா டிரைசிட்டி போன்றவற்றில் முன்னால் இரண்டு சக்கரம் இருந்தாலும், வண்டி வளைவில் சாய்ந்துதான் திரும்புகிறது. அப்படிச் சாய விட்டிருப்பதால், நிற்கும்போது காலை ஊன்றாவிட்டால் சாதாரண ஸ்கூட்டர் மாதிரியே பக்கவாட்டில் சரிந்துவிடும்.

முன் சக்கரங்களை இணைப்பது ஓர் இணைகரச் சட்டம். 2006-இல் வந்த எம்பி3-இல் இதற்கு நான்கு அலுமினியக் கைகள் உண்டு. வண்டி சாயும்போது சட்டமும் சரிந்து, வண்டியோடு ஒப்பிட்டால் ஒரு சக்கரம் மேலேறும், மற்றது கீழிறங்கும். இரண்டும் வண்டியின் அதே கோணத்தில் சாய்ந்தபடி தரையைப் பிடித்திருக்கும். எவ்வளவு சாய வேண்டும் என்பதை வேகமும் வளைவும்தான் முடிவு செய்கின்றன: 20 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 36 கிலோமீட்டரில் போனால் சுமார் 27 டிகிரி, இரண்டு சக்கரமானாலும் மூன்றானாலும்.

அப்போ கூடுதல் சக்கரத்தால் என்ன லாபம்? பிடிப்புதான். ஈரமான இரும்பு மூடியிலோ மணலிலோ ஒரு முன் டயர் வழுக்கினாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். பிரேக் போடும்போது எடை முன்னால் பாய்கிறது, அதைத் தாங்க அங்கே இரண்டு டயர் இருக்கிறது. மழையிலும் தினமும் வேலைக்குப் போகிறவருக்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம் என்பேன். ஆனால் தரையில் மூன்று தடம் விழுவதால் பள்ளத்தை ஒதுக்குவது கடினம், முன் சக்கரங்கள் தப்பினாலும் பின் சக்கரம் நடுவில் இறங்கிவிடும்.

எம்பி3-இல் சாய்வுப் பூட்டு ஒன்று உண்டு. வண்டி ஏறக்குறைய நின்று, ஆக்சிலரேட்டரை விட்டிருக்கும்போது பொத்தானை அழுத்தினால், மின்மோட்டார் ஹைட்ராலிக் அழுத்தம் கொடுத்துச் சட்டத்தை இறுக்கிவிடும், சிக்னலில் கால் ஊன்ற வேண்டாம். நிமிர்த்தாமல் பூட்டினால் சாய்ந்தபடியே பூட்டிக்கொள்ளும். 2014-இல் வந்த டிரைசிட்டி 125-இல் இது கிடையாது. நெரிசலில் நின்று நின்று போகிறவர் இதை வைத்தே முடிவெடுக்கலாம்.

பழைய வண்டியில் எஞ்சினும் பெல்ட்டும் மற்ற ஸ்கூட்டர் போலத்தான், எந்த நல்ல மெக்கானிக்கும் பார்த்துச் சொல்வார். உங்கள் நேரத்தை முன்பக்கத்தில் செலவழியுங்கள். பூட்டைப் போட்டு, ஒருவர் பக்கத்தில் நின்று பிடித்துக்கொள்ளத் தயாராக இருக்க, கொஞ்ச நேரம் விட்டுப் பாருங்கள்; வண்டி மெல்ல மெல்லச் சரிந்தால் அழுத்தம் எங்கோ கசிகிறது. பேட்டரி பலவீனமாக இருந்தாலும் பூட்டு மக்கர் செய்யும், அதனால் முதலில் பேட்டரியைச் சோதியுங்கள். அப்புறம் பூட்டை விடுவித்து வண்டியை இடமும் வலமும் சாய்த்தால் வழவழவென்று போக வேண்டும், டக் டக்கென்று சத்தம் வந்தால் மூட்டுகளில் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். முன்பக்கத்தைத் தூக்கி ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் ஆட்டிப் பாருங்கள்.

இரண்டு முன் டயரும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கிறதா? ஒன்று மட்டும் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் எங்கோ இடித்துச் சட்டத்தின் கை வளைந்திருக்கலாம், இல்லை அலைன்மென்ட் கெட்டிருக்கலாம். ஆனால் ஓட்டிப் பார்ப்பதற்கு முன் இரண்டிலும் காற்றழுத்தம் சமமா என்று பார்த்துவிடுங்கள், ஒன்றில் குறைந்தாலே வண்டி ஒரு பக்கம் இழுக்கும். காற்று சரியாக இருந்தும் நேர்ச் சாலையில் இழுத்தால், விலை எவ்வளவு குறைவானாலும் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.