திட்ட மேலாளர்

மென்பொருள் அலுவலகங்களிலும் கட்டுமானக் களங்களிலும் ‘புராஜெக்ட் மேனேஜர்’ என்று வழங்கும் பதவிப் பெயருக்குத் தமிழ்நாட்டில் ‘திட்ட மேலாளர்’ என்பதும் இலங்கையில் ‘செயற்றிட்ட முகாமையாளர்’ என்பதும் வழக்கில் உள்ளன. குறித்த காலத்தில், குறித்த செலவில் முடிக்க வேண்டிய தனிப்பணி ஒன்றைப் பலரைக் கொண்டு நிறைவேற்றும் பொறுப்பாளரை இப்பெயர் சுட்டும்.

‘புராஜெக்ட்’ என்பது ‘முன்னே எறிதல்’ எனப் பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. ‘மேனேஜ்’ என்பதன் வரலாறு இன்னும் சுவையானது. கையைக் குறிக்கும் ‘மானுஸ்’ என்ற இலத்தீன் சொல்லில் வேர்கொண்டு, குதிரையைப் பழக்கிச் செலுத்துவதைக் குறித்த இத்தாலியச் சொல்லின் வழியே 16ஆம் நூற்றாண்டில் அது ஆங்கிலத்தை அடைந்தது. தமிழில் ‘கையாளுதல்’ இதற்கு மிக நெருங்கியது. ஆயினும் ‘கையாள்’ என்பது ஏவலாளைக் குறிப்பதால் பதவிப் பெயராக்க உதவாது.

எதையும் பகுத்தாய்ந்து, தம் கையாலேயே செய்து பார்க்கும் இயல்பினர் இப்பொறுப்புக்குப் பொருந்துவாரா என்று கேட்பவர்களுக்கு இவ்வேர்ப்பொருளே நல்ல விளக்கம். பொருந்துவார் என்பது என் உறுதியான கருத்து. ஏனெனில் ஒரு வேலைக்கு மூன்று நாள் போதும் என்று பொறியாளர் சொல்லும்போது, அவ்வேலையின் உள்ளும் புறமும் அறிந்தவருக்கே அந்த மதிப்பீடு தகுமா என்பது விளங்கும். ஆனால் குதிரையைச் செலுத்துபவர் தாமே ஓடுவதில்லை. சிக்கலான நிரலை வாங்கித் தாமே திருத்த உட்கார்ந்துவிடும் மேலாளரால், அவருடைய முடிவை எதிர்பார்த்திருக்கும் மற்றவர்களின் வேலை நின்றுபோகிறது.

1960களில் ஐபிஎம் நிறுவனத்தின் சிஸ்டம்/360 கணினிகளையும், பின்னர் அவற்றுக்கான இயங்குதளத்தையும் உருவாக்கும் பணிகளை நடத்திய பிரெட் புரூக்ஸ், தாமே தேர்ந்த கணினி வடிவமைப்பாளர். தாமதமாகிவிட்ட மென்பொருள் பணியில் ஆட்களைக் கூட்டினால் தாமதம் மேலும் வளரும் என்று அவர் 1975இல் எழுதினார். அதற்கு அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று எளிய கணக்கு: 10 பேர் ஒவ்வொருவரும் மற்றவரோடு கலந்து பேச 45 தொடர்புகள் வேண்டும்; 20 பேரானால் 190 வேண்டும். எந்திரத்தை ஆராய்ந்த அதே கூர்மையோடு பணிக்குழுவையும் ஆராய்ந்ததால் கிட்டிய தெளிவு இது.

தமிழ்ப் பெயருக்கு வருவோம். ‘திட்டம்’ என்ற ஒரே சொல் ஐந்தாண்டுத் திட்டத்துக்கும், அரசின் நலத்திட்டத்துக்கும், பாலம் கட்டும் பணிக்கும் பொதுவாக நிற்கிறது. ‘செயற்றிட்டம்’ செயலை முன்னிறுத்தி இம்மயக்கத்தைத் தீர்க்கிறது. ‘மேலாளர்’ வேலைக்கு மேலே விலகி நிற்பவர் என்ற தோற்றத்தைத் தந்தாலும் மக்கள் வழக்கில் வேரூன்றிவிட்டது. ஆகவே, ‘செயற்றிட்ட மேலாளர்’ என்பதையே நான் பரிந்துரைப்பேன்.