செயின் அறுந்த பிக்கப்பைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணாதீர்கள்

ஓடிக்கொண்டிருந்த பழைய பிக்கப் திடீரென்று நின்றுவிட்டால் திருகோணமலையில் உதவிக்கு ஆள் குறைவில்லை. நிலாவெளி வீதியானாலும் கிண்ணியாப் பாலமானாலும் நாலு பேர் ஓடி வருவார்கள். "செக்கண்ட் கியரில போடுங்கோ அண்ணை, தள்ளுவம்" என்பார்கள். பற்றரி இறங்கிய வண்டிக்கு அது சரியான வைத்தியம்தான். டைமிங் செயின் அறுந்த வண்டிக்கோ அதைவிடக் கெடுதல் வேறில்லை.

ஏன் என்று பார்ப்போம். எஞ்சினின் அடியில் பிஸ்டன்களோடு சேர்ந்து சுழல்வது கிராங்க் தண்டு. மேலே, காற்றும் பெற்றோலும் உள்ளே வரவும் புகை வெளியே போகவும் வால்வுகளைத் திறந்துவிடுவது கேம் தண்டு. கிராங்க் இரண்டு தரம் சுற்றினால் கேம் ஒரு தரம் சுற்ற வேண்டும். அதற்காகவே கேமின் பற்சக்கரத்தில் இரு மடங்கு பற்கள் இருக்கின்றன. நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும்போது ஒவ்வொரு வால்வும் செக்கனுக்கு 25 தரம் திறந்து மூடுகிறது. இந்த இரண்டு தண்டையும் ஒரு பல்கூடப் பிசகாமல் சேர்த்து ஓட்டுவது செயின்.

அது அறுந்ததும் கேம் நின்ற இடத்திலேயே நின்றுவிடும். சில வால்வுகள் திறந்தபடி சிலிண்டருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். வண்டி கியரில் உருளும்வரை சக்கரங்கள் கிராங்கைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். மேலேறி வரும் பிஸ்டன் அந்த வால்வில் மோதினால் வால்வு வளையும். இடைவெளி அதிகம் விட்டுக் கட்டிய எஞ்சின்கள் தப்பிவிடும், மற்றவை தப்பாது. உங்களுடையது எந்த ரகம் என்று வீதியோரத்தில் நின்று தீர்மானிக்க வேண்டாம். ஓட்டத்தில் நின்றால் உடனே நியூட்ரலுக்குப் போடுங்கள். கட்டி இழுக்கும்போதும் நியூட்ரல்தான். தள்ளிவிட்டு கிளச்சை விட்டால், தப்பியிருந்த வால்வையும் நாமே வளைத்துவிடுவோம். சாவியைத் திருப்பும்போது ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட வேகமாக, மூச்சு முட்டாமல் ஒரே சீராகச் சுழன்றால் உள்ளே கம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று இறுகும் அழுத்தம், இல்லை என்று அர்த்தம். அத்தோடு கையை எடுத்துவிடுங்கள்.

எல்லாப் பிக்கப்பிலும் செயின் இல்லை. ஹைலக்ஸின் பழைய 2எல், 3எல் டீசல்களில் ரப்பர் பெல்ட். மிட்சுபிஷி எல்200இன் 4டி56இலும் பெல்ட்தான். நிசான் டிடி27இல் பற்சக்கரங்கள். செயினால் பேர் வாங்கியது டொயோட்டாவின் 22ஆர் பெற்றோல் எஞ்சின். 2,366 சிசி, நாலு சிலிண்டர். பல லட்சம் கிலோமீற்றர் ஓடக்கூடிய உறுதியான எஞ்சின் அது; ஆனால் 1980களின் தொடக்கத்தில் அதன் இரட்டை வரிச் செயினை எடுத்துவிட்டு ஒற்றை வரிச் செயினும், செயின் ஆடாமல் வழிநடத்தும் கைடுகளைப் பிளாஸ்டிக்கிலும் போட்டார்கள். உராய்வு குறைந்தது. வில்லங்கமும் அங்கேதான் தொடங்கியது.

செயின் நீளமாவது இணைப்புகளில் உள்ள ஊசிகள் தேய்வதால். ஒரு இணைப்பில் மில்லிமீற்றரில் ஐம்பதில் ஒரு பங்கு தேய்ந்தாலும், நூறு இணைப்புள்ள செயின் 2 மில்லிமீற்றர் நீண்டுவிடும். அந்தத் தொய்வை ஒயில் அழுத்தத்தால் வேலை செய்யும் டென்ஷனர் எடுத்துக்கொள்கிறது. அதற்கும் ஓர் எல்லை உண்டு. எல்லை தாண்டியதும் செயின் இடப்பக்கக் கைடில் அடிக்கத் தொடங்கும். நம் நாட்டு வண்டியில் அது பயணி இருக்கும் பக்கம். இரவு முழுக்க நின்ற வண்டியில் ஒயில் அழுத்தம் ஏறச் சற்று நேரம் எடுக்கும். அதனால்தான் காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் முன்பக்கத்தில் கடகடவென்று சத்தம் கேட்டு, பிறகு அடங்கிவிடுகிறது. சத்தம் அடங்கியதைப் பார்த்து நிம்மதி அடைவது பெரிய ஆபத்து. கைடு உடைந்தபின் செயின், தன்னை மூடியிருக்கும் முன்மூடியின் அலுமினியத்தை அராவும். தண்ணீர் பம்புக்குப் பின்னால், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஓடும் பாதைவரை அராவிவிட்டால் கூலன்ட் ஒயிலில் கலந்து, டிப்ஸ்டிக்கில் பால்தேநீர் நிறம் தெரியும். அந்த ஒயிலோடு ஓடினால் பேரிங்குகள் போய்விடும்.

அறுந்துவிட்டதை உறுதி செய்வது எளிது. 22ஆரில், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்டிரிபியூட்டரைச் சுழற்றுவது கேம். டிஸ்டிரிபியூட்டரின் மூடியைக் கழற்றிவிட்டு, கிராங்க் புல்லியை ஸ்பேனரால் மிக மெதுவாகக் கொஞ்சம் திருப்புங்கள். உள்ளே உள்ள ரோட்டர் அசையாவிட்டால் செயின் போய்விட்டது. கை தடைபட்டால் பலம் கொடுக்காமல் நிறுத்திவிடுங்கள்.

வால்வுகளின் கதி தெரியாமல் புதுச் செயின் வாங்குவது காசை வீணாக்கலாம். வால்வுகளை அழுத்தித் திறக்கும் ராக்கர்களைத் தளர்த்தி எல்லா வால்வையும் மூடவிட்டு, பிளக் துவாரம் வழியாகக் காற்றழுத்தம் கொடுத்துக் கேட்க வேண்டும். கார்புரேட்டர் பக்கம் சீறினால் உள்வால்வு வளைந்திருக்கிறது. சைலன்சரில் சீறினால் வெளிவால்வு. ரேடியேற்றரில் குமிழி வந்தால், எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது.

முன்மூடியைக் கழற்றும்போது பலரும் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. சிலிண்டர் ஹெட்டின் முன்நுனியில், கேம் சக்கரத்துக்குக் கீழே தேங்கி நிற்கும் ஒயிலுக்குள் ஒரு சின்ன போல்ட் ஒளிந்திருக்கிறது. அது ஹெட்டை முன்மூடியோடு பிடித்து வைக்கிறது. ஒயிலை உறிஞ்சி எடுத்துவிட்டுப் பார்த்தால்தான் கண்ணுக்குப் படும். அதைக் கழற்றாமல் நெம்பினால் அலுமினியம் வெடிக்கும்.

செயினை மட்டும் மாற்றுவது அரைகுறை வேலை. பற்சக்கரங்கள், டென்ஷனர், இரும்பில் செய்த கைடுகள் எல்லாமே மாற வேண்டும். அடியில் ஒயில் தேங்கும் சம்பையும் இறக்குங்கள், உடைந்த பிளாஸ்டிக் துண்டுகள் அங்கே ஒயில் உறிஞ்சும் வலையை அடைத்திருக்கும். புதுச் செயினில் பளபளக்கும் இணைப்புகளைப் பற்சக்கரக் குறிகளுக்கு நேரே வைத்துப் பூட்டியதும் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். பற்சக்கரக் குறிகள் மீண்டும் சரியான இடத்துக்கு வரும், பளபளக்கும் இணைப்புகள் வராது. அதைப் பார்த்துப் பயந்து மறுபடி கழற்றிவிடாதீர்கள். பூட்டும்போதுதான் அவை தேவை.

2020இல் நின்ற வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் திறந்தது. கந்தளாய் நெல்லும் கொட்பே மீனும் இன்னமும் பழைய வண்டிகளில்தான் ஏறுகின்றன. அதனால் இந்த வேலையை நிதானமாகச் செய்வது பிரயோசனமான செலவு. கூலன்ட் கலந்திருந்தால் புது ஒயில் ஊற்றிச் சிறிது நேரம் ஓடவிட்டு, அதையும் வடித்துவிட்டு மறுபடி நிரப்புங்கள். ஃபில்டரையும் இரண்டு தரம் மாற்ற வேண்டும்.