சாவி ஒன்று, அலமாரிகள் பல

"த கீ டு த கேபினெட்ஸ் ஆர் ஆன் த டேபிள்." இந்த ஆங்கில வாக்கியத்தை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். பலருக்கு உறுத்தவே உறுத்தாது. ஆனால் பிழையான வாக்கியம். மேசைமேல் இருப்பது அலமாரிகளின் சாவி, அது ஒன்றுதான். அதனால் 'ஆர்' வராது, 'ஈஸ்' வர வேண்டும்.

வங்கித் தேர்வு, எஸ்எஸ்சி, எஸ்ஏடி என்று எதன் ஆங்கிலப் பகுதியைப் புரட்டினாலும் இந்த மாதிரிக் கேள்வி கண்ணில் படும். மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட் தேர்வில் வாக்கியத் திருத்தம் என்று தனிக் கேள்வி வகையே நெடுங்காலம் இருந்தது. 2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில்தான் அதை எடுத்தார்கள். எழுவாய் ஒருமை என்றால் வினையும் ஒருமை. என்னிடம் ஆங்கிலம் படிக்க வரும் பிள்ளைகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த விதியைச் சொல்வார்கள். அதே பிள்ளைகள்தான் கேள்வித்தாளில் 'ஆர்' சரி என்று குறித்துவிட்டு வருகிறார்கள். கவனக்குறைவு என்று திட்டி அனுப்புவது எளிது, ஆனால் நியாயமில்லை. நம் நினைவு வேலை செய்யும் விதமே இந்தப் பிழைக்கு வழிவிடுகிறது.

கேத்ரின் பாக், கேரல் மில்லர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1991-இல் இதைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வாக்கியத்தின் முதல் பாதியை மட்டும் காதில் கேட்க வைப்பார்கள். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லி, மீதியைத் தானே முடிக்க வேண்டும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே 'அலமாரிகள்' என்று பன்மை குறுக்கே வந்தபோது தடுமாறி, வினையைப் பன்மையில் சொன்னார்கள். இன்னொன்றும் தெரிந்தது. சாவிகள் பல, அலமாரி ஒன்று என்று மாற்றிப் போட்டால் தடுமாற்றம் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆங்கிலத்தில் ஒருமைக்குத் தனி அடையாளம் இல்லை, பன்மைக்குத்தான் வால் ஒட்டுகிறார்கள். அந்த வால்தான் மனதை இழுக்கிறது. தேர்வுக் கேள்விகளில் பெரும்பாலும் ஒருமை எழுவாய்க்குப் பின்னால் பன்மைப் பெயர்களாக அடுக்கியிருப்பது ஏன் என்று இப்போது புரியும்.

வினைக்குப் பக்கத்தில் இருக்கும் சொல்தான் குழப்புகிறது என்று பல வழிகாட்டி நூல்களில் எழுதியிருப்பார்கள். அது பாதி உண்மை. ஜூலி ஃபிராங்க் குழுவினர் 2002-இல் மூன்று பெயர்ச்சொற்கள் வரும் தொடர்களை வைத்துச் சோதித்தார்கள். பள்ளத்தாக்கின் மேல் செல்லும் பயணத்துக்கான ஹெலிகாப்டர் என்பது அதில் ஒன்று. ஆங்கிலத்தில் முதலில் ஹெலிகாப்டர், நடுவில் பயணம், கடைசியில் பள்ளத்தாக்கு என்று வரும். வினைக்கு ஒட்டி நிற்பது பள்ளத்தாக்குதான். ஆனால் அதைப் பன்மையாக்கியபோது வந்த பிழைகளைவிட, நடுவில் இருக்கும் பயணத்தைப் பன்மையாக்கியபோது வந்த பிழைகளே அதிகம். அப்படியானால் மனம் சொற்களை வரிசையில் நிறுத்தி எண்ணவில்லை. கிளை கிளையாக மரம்போல அடுக்கிக்கொள்கிறது. அந்த மரத்தில் எழுவாய்க்கு நெருங்கிய கிளையில் இருப்பதுதான் அதிகம் குழப்புகிறது. எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒரு பிழையை வைத்தே மனதுக்குள் இருக்கும் அமைப்பைப் பார்த்துவிட்டார்கள்!

பேசும்போது தடுமாறுவது சரி, படிக்கும்போதும் ஏன் பிழை கண்ணுக்குத் தப்புகிறது? மேத்யூ வேகர்ஸ், எலன் லாவ், காலின் பிலிப்ஸ் மூவரும் 2009-இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். கூட்டத்தில் பெயர் தெரியாத ஒருவரை, "சிவப்புச் சட்டை போட்ட, கண்ணாடி அணிந்த தம்பி, இங்கே வாப்பா" என்று கூப்பிடுவதாக வைத்துக்கொள்வோம். கண்ணாடி இல்லாத சிவப்புச் சட்டைக்காரரும் சில சமயம் திரும்பிப் பார்ப்பார். நினைவும் அப்படித்தான், அடையாளம் சொல்லித் தேடுகிறது. 'ஆர்' என்ற சொல்லைக் கண்டதும், "எழுவாயாகவும் பன்மையாகவும் இருப்பது யார்?" என்று உள்ளே ஒரு குரல் கேட்கிறது. சாவி எழுவாய்தான், ஆனால் பன்மை இல்லை. அலமாரிகள் பன்மைதான், ஆனால் எழுவாய் இல்லை. சில நேரம் அலமாரிகள் கையைத் தூக்கிவிடுகின்றன, வாக்கியமும் சரியாகத் தோன்றிவிடுகிறது. சரியான 'ஈஸ்' வந்தாலோ இந்தத் தேடலுக்கே வேலை இல்லை, சாவி எதிர்பார்த்த வினை வந்துவிட்டது.

ஆக, இந்தக் கோளாறு ஒருபக்கமானது. தவறான வாக்கியம் சரிபோலத் தெரியும்; சரியான வாக்கியம் தவறுபோலத் தெரிவது அரிது. "காதுக்கு நன்றாக இருக்கிறதா பார்" என்று பிள்ளைகளிடம் சொல்லும் ஆசிரியர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். இந்த வகைக் கேள்வியில், காதுக்கு நன்றாக இருப்பது எதற்கும் சான்று ஆகாது.

நமக்கு ஒரு வசதி உண்டு. தமிழில் அடைகள், அதாவது ஒரு பெயரை விளக்கும் சொற்கள், எல்லாம் அந்தப் பெயருக்கு முன்னால் வந்துவிடும். 'அலமாரிகளின் சாவி.' மேலே சொன்ன ஹெலிகாப்டர்கூட, 'பள்ளத்தாக்கின் மேல் செல்லும் பயணங்களுக்கான ஹெலிகாப்டர்' என்றுதான் ஆகும். எத்தனை பன்மை வந்தாலும் உண்மையான எழுவாய் கடைசியில் வந்து நிற்கிறது. ஆங்கில எழுவாய்த் தொடரை மனதுக்குள் தமிழாக்கி, கடைசிச் சொல் ஒருமையா பன்மையா என்று மட்டும் பார்க்கச் சொல்கிறேன். பிள்ளைகளுக்கு இது பிடிபட அதிக நேரம் ஆவதில்லை.

டிஎன்பிஎஸ்சி தமிழ்த் தாளிலும் ஒருமை பன்மைப் பிழை நீக்கும் பகுதி இருக்கிறதே என்பீர்கள். 'மாடுகள் மேய்ந்தது' என்பதை 'மேய்ந்தன' என்று திருத்த வேண்டும். பார்க்க ஒரே கேள்விபோலத் தெரியும், ஆனால் நோய் வேறு. இங்கே குறுக்கே எந்தப் பெயரும் வரவில்லை. பேச்சுத் தமிழில் அஃறிணைப் பன்மைக்கென்று வினை விகுதியே நம்மிடம் இல்லை. 'மாடுங்க மேயுது' என்றுதான் சொல்கிறோம். அந்தப் பேச்சு எழுத்துக்குள் நுழைந்துவிடுகிறது. இதற்குச் சாவி வைத்தியம் உதவாது, எழுத்து வழக்கை நிறையப் படிப்பதுதான் வழி.

அப்புறம், ஆங்கிலத் தேர்வில் வரும் இன்னொரு பிழை, தொங்கி நிற்கும் அடைகள். "வாக்கிங் டௌன் த ஸ்ட்ரீட், த ட்ரீஸ் லுக்ட் பியூட்டிஃபுல்." தெருவில் நடந்தது யார்? ஆங்கில எழுத்து இலக்கணப்படி மரங்கள்தான்! படிப்பவர் இதைக் கவனிப்பதில்லை, ஏனென்றால் நடந்தது ஒரு மனிதர் என்று மனம் தானே நிரப்பிக்கொள்கிறது. பொருள் ஓரளவு விளங்கியதும் மனம் இலக்கணத்தைச் சரிபார்க்காமல் நகர்ந்துவிடும் என்பதை மொழி உளவியலில் பல சோதனைகள் காட்டியிருக்கின்றன. தேர்வில் நிமிடக் கணக்கில் ஓடும்போது இன்னும் மோசம்.

இதையும் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'தெருவில் நடந்து, மரங்கள் அழகாகத் தெரிந்தன.' உடனே இடிக்கிறது. 'நடந்துபோகும்போது மரங்கள் அழகாகத் தெரிந்தன' என்றால் இடிக்கவில்லை. 'நடந்து' என்ற எச்சம், தன்னைச் செய்தவரே முடிக்கும் வினையையும் செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. 'நடந்துபோகும்போது' அப்படி எதிர்பார்ப்பதில்லை. செய்து, செய்யூ, செய்பு என்னும் மூன்று வாய்பாட்டு எச்சங்களும் தம் வினைமுதலின், அதாவது செய்பவரின், வினையைக் கொண்டே முடியும் என்று தொல்காப்பியம் வினையியலில் இதை விதியாகவே சொல்லிவிட்டது. இன்றைய ஆங்கிலத் தேர்வு கேட்பதும் ஏறக்குறைய இதே விதிதான்.

விலக்கையும் நம் இலக்கணக்காரர்கள் விட்டுவைக்கவில்லை. 'ஞாயிறு பட்டு வந்தான்' என்பது பழைய எடுத்துக்காட்டு. மறைந்தது சூரியன், வந்தது அவன். இரண்டுக்கும் வினைமுதல் வேறு. ஆனாலும் 'ஞாயிறு பட வந்தான்' என்று பொருள் கொண்டு ஏற்றுக்கொண்டார்கள். சூரியனே நடந்து வந்தது என்று யாரும் எண்ணப்போவதில்லை. ஆங்கிலத் தேர்வில் இந்தச் சலுகை கிடைக்காது. அங்கே 'ஆஸ் ஐ வாக்ட்' என்று நடந்தவரை வாக்கியத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தும் விடையைத்தான் தேட வேண்டும்.