உரித்த சட்டையிலும் தங்கும் வானவில்

வானவில் போவா உரித்துப் போட்ட சட்டையை ஈரம் காய்வதற்குள் எடுத்து விரல்களுக்கிடையே விரித்துப் பார்த்தால், முதலில் ஏமாற்றமே மிஞ்சும். பாம்பின் முதுகில் இருந்த செம்பழுப்பு அதில் இல்லை. கறுப்பு வளையங்கள் இருந்த இடத்தில் மங்கிய நிழல்தான் தெரியும். கையில் இருப்பது வெங்காயச் சருகைப் போல ஒளி ஊடுருவும் ஒரு படலம். அதையே கறுப்புத் துணியின் மேல் பரப்பி, பக்கவாட்டில் சிறு விளக்கொன்றை ஏற்றி, துணியை மெல்லச் சாய்த்தால், நிறமற்ற அந்தப் படலத்தின் மேல் பச்சையும் நீலமும் ஊதாவும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடும். இந்தப் பாம்புகளை வளர்க்கத் தொடங்கிய முதல் ஆண்டில் நான் இதைப் பார்த்தேன். அன்றிலிருந்து வளர்ப்பதும் படம் எடுப்பதும் எனக்கு ஒரே வேலையாகிவிட்டன. ஏனென்றால் பெட்டிக்குள் ஈரப்பதம் எப்படி இருந்தது என்பதைச் சட்டையும், சட்டைக்கு அடியிலிருந்து வரும் புதுத்தோலும், அந்தத் தோலை எடுத்த படமும் அடுத்தடுத்துச் சொல்லிவிடுகின்றன.

கார்ல் லின்னேயஸ் 1758-இல் விவரித்த இந்தப் பாம்பின் இன்றைய அறிவியல் பெயர் எபிகிரேட்டிஸ் சென்கிரியா. அமேசான் ஆற்றுப்படுகையின் ஈரக்காடுகள் இதன் முதன்மையான வாழிடம். வளர்ந்த பாம்பு ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் முதல் இரண்டு மீட்டர் வரை நீளும். நல்ல பராமரிப்பில் 20 ஆண்டுகளுக்கு மேல் வாழும். முட்டையிடாமல் குட்டி ஈனும். முன்பு இதன் துணைச் சிற்றினங்களாகக் கருதப்பட்ட சில, 2008-இல் வெளியான வகைப்பாட்டு ஆய்வுக்குப் பின் தனிச் சிற்றினங்களாக ஏற்கப்பட்டன. வளர்ப்போரிடையே கொலம்பிய வானவில் போவா என்று வழங்கும் எபிகிரேட்டிஸ் மௌரஸ் அவற்றில் ஒன்று. போவாக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால் இவற்றின் பன்னாட்டு வணிகம், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. ஆகவே, காட்டில் பிடிக்கப்படாமல் வளர்ப்பில் பிறந்த, உரிய ஆவணங்கள் உள்ள பாம்பை மட்டுமே வாங்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

இந்தப் பாம்பின் உடலில் இரண்டு வகை நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. செம்பழுப்பும் ஆரஞ்சும் கறுப்பும் நிறமிகளால் வருபவை. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் அவை மாறுவதில்லை. அவற்றின் மேல் மிதக்கும் வானவில்லோ தோலின் கட்டமைப்பால் வருவது. மயிலின் கழுத்து நாம் நகர நகர நீலத்திலிருந்து பச்சைக்கு மாறுவதும், சவர்க்காரக் குமிழியில் நிறங்கள் நெளிவதும் இதே வகையைச் சேர்ந்தவை.

பாம்பின் செதிலை மூடியிருக்கும் மிக வெளிப்புறமான அடுக்கை உயிரியலாளர்கள் ஓபர்ஹாய்ட்சென் என்ற ஜெர்மன் சொல்லால் குறிப்பிடுகிறார்கள். சிறு மேல்தோல் என்பது அதன் பொருள். கெரட்டின் என்ற புரதத்தாலான அந்த அடுக்கு கைக்கு வழுவழுப்பாகத் தோன்றினாலும், எலக்ட்ரான் நுண்ணோக்கியில் நுண்ணிய வரிகளும் மேடுகளும் நிறைந்த பரப்பாகத் தெரியும். நம் கண்ணுக்குப் புலப்படும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை இருக்கிறது. அந்த அளவுக்கு நெருங்கிய இடைவெளியில் வரிகள் ஒழுங்காக அமைந்துவிட்டால், பரப்பில் விழும் வெள்ளொளி விளிம்பு விளைவால் வெவ்வேறு திசைகளில் பிரிந்து செல்லும். ஊதா குறைவாகவும் சிவப்பு மிகுதியாகவும் விலகும். குறுந்தகட்டின் அடிப்பக்கத்தில் நாம் காணும் நிறப்பட்டைகளும் இப்படி வருபவையே. அதில் தடங்களுக்கிடையே உள்ள இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர். வரிகள் செய்யும் இந்த வேலையோடு படலங்கள் செய்யும் வேலையும் சேர்ந்துகொள்ள முடியும். மெல்லிய படலத்தின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் எதிரொளிக்கும் இரண்டு கதிர்களில், முகடும் முகடும் சேரும் அலைநீளம் வலுப்பெறுகிறது. முகடும் அகடும் சேரும் அலைநீளம் அணைந்துபோகிறது. பார்க்கும் கோணம் சாயச் சாயக் கதிர்கள் கடக்கும் தொலைவின் வேறுபாடு மாறுவதால், வலுப்பெறும் நிறமும் மாறிக்கொண்டே போகும்.

இவ்வளவு நுட்பமான அமைப்பு இருந்தும், அடியில் கருமை இல்லாவிட்டால் அது எடுபடாது. மேலடுக்கைக் கடந்து உள்ளே போகும் ஒளி கீழே சிதறி மேலே திரும்பி வந்தால், மெல்லிய வானவில் அந்த வெளிச்சத்தில் கரைந்துவிடும். மெலனின் நிறமி அந்த ஒளியை உறிஞ்சிக்கொள்வதால், கட்டமைப்பு பிரித்தனுப்பிய நிறம் மட்டும் தூய்மையாகக் கண்ணுக்கு வந்து சேர்கிறது. கறுப்பு வளையத்தின் மேல் நீலம் பளிச்சிடும்போது பக்கத்து ஆரஞ்சுத் திட்டு வெறும் பளபளப்போடு நின்றுவிடுவது இதனால்தான். உரித்த சட்டையைக் கறுப்புத் துணியின் மேல் பரப்ப வேண்டியிருந்ததும் இதற்காகவே: பாம்பின் உடலில் மெலனின் செய்யும் வேலையை அங்கே துணி செய்கிறது.

சட்டை உரிப்பதற்கு முன் பாம்பு பழைய தோலுக்கு அடியில் புதிய தோலை முழுமையாக உருவாக்கி முடித்துவிடுகிறது. பிறகு இரண்டுக்கும் இடையே ஒரு திரவம் ஊறுகிறது. அப்போது உடல் மங்கும். கண்கள் பால் கலந்த நீலமாகும். வானவில் அடியோடு மறைந்துவிடும். பாம்புக்கு இமை இல்லை. கண்ணை மூடியிருக்கும் ஒளிபுகு செதிலும் தோலின் பகுதியே என்பதால் அதுவும் சட்டையோடு கழன்று வர வேண்டும். சில நாட்களில் கண் மீண்டும் தெளியும். அதற்குச் சில நாட்கள் கழித்துச் சட்டை வாயோரத்தில் தொடங்கி, உட்புறம் வெளியே திரும்பியபடி வால்நுனி வரை ஒரே துண்டாகக் கழலும். காற்று வறண்டிருந்தால் இது நடக்காது. சட்டை துண்டு துண்டாகக் கிழிந்து திட்டுத்திட்டாக உடலில் ஒட்டிக்கொள்ளும். கண்செதில் கழலாமல் தங்கிவிடும். வானவில் போவாவுக்கு இந்த ஆபத்து மற்றப் பல போவாக்களைவிட அதிகம். குட்டிகளின் நிலை இன்னும் மோசம். நீரிழப்பு அவற்றை மிக விரைவில் வீழ்த்திவிடும்.

ஆகவே பெட்டிக்குள் ஈரப்பதம் 75 முதல் 90 விழுக்காடு வரை இருக்க வேண்டும். இதில் வெப்பம் செய்யும் வேலையைப் புரிந்துகொள்ளாததால் புதிதாக வளர்ப்பவர்கள் பெரும்பாலும் தவறுகிறார்கள். குளிர்ந்த மூலையில் 24 பாகை செல்சியஸில் 80 விழுக்காடு ஈரப்பதம் உள்ள காற்று, ஒரு துளி நீர்கூடக் குறையாமல் சூடான மூலையில் 31 பாகையை எட்டினால், அதன் ஈரப்பதம் ஏறத்தாழ 53 விழுக்காடாகச் சரிந்துவிடும். சூடான காற்று தாங்கக்கூடிய நீராவியின் அளவு மிகுதியாவதே காரணம். ஈரப்பதமானியைக் குளிர்ந்த மூலையில் மட்டும் மாட்டிவைத்து நிம்மதியாக இருப்பவருடைய பாம்பு, சூடான மூலையில் சுருண்டு கிடந்து உலர்ந்துகொண்டிருக்கும். இரு மூலைகளிலும் மானி வேண்டும். சூடான பக்கத்து மறைவிடத்துக்குள் ஈரமான பாசி நிரப்பிய சிறு பெட்டி வேண்டும். பாம்பு உடலை முழுதும் அமிழ்த்தக்கூடிய நீர்த்தொட்டி வேண்டும். சூட்டு விரிப்பை, வெப்பத்தைக் கட்டுக்குள் வைக்கும் தெர்மோஸ்டாட் இல்லாமல் ஒருபோதும் இயக்கக் கூடாது. சூடான மூலையில் 29 முதல் 31 பாகை போதுமானது, அதற்கு மேற்பட்ட சூட்டை இந்த வனநிழல் உயிர் நெடுநேரம் தாங்காது. ஈரம் வேண்டும் என்பதற்காகத் தரையைச் சேறாக்கிக் காற்றோட்டத்தையும் அடைத்துவிட்டால் வயிற்றுச் செதில்களில் கொப்புளமும் அழுகலும் வரும். காற்றில் ஈரம், கிடக்கும் இடத்தில் உலர்வு என்ற நிலையைத் தேங்காய் நார்த்தூள் ஓரளவு எளிதாகத் தருகிறது: அடியில் நனைந்திருந்தாலும் அதன் மேல் அடுக்கு காய்ந்தே இருக்கும்.

உணவைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. பாம்பின் உடலில் மிகப் பருத்த இடத்தின் தடிமனைத் தாண்டாத, உறையவைத்துப் பின் உருக்கிய எலி போதும். வளர்ந்தவற்றுக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை கொடுக்கலாம்.

ஒன்றுக்கு மேற்பட்ட பாம்புகளை வைத்திருப்பவர் நோயைப் பற்றி யோசித்தே ஆக வேண்டும். ஒவ்வொரு பாம்புக்கும் தனிப் பெட்டி. புதிதாக வருவதற்குக் குறைந்தது மூன்று மாதம் தனி அறை. போவாக்களையும் மலைப்பாம்புகளையும் தாக்கும், உயிரணுக்களுக்குள் புரதத் திரள்கள் சேரும் உட்பொதி உடல் நோய்க்கும் ரெப்டாரினா வைரஸ்களுக்கும் உள்ள தொடர்பு 2012-இல் வெளிப்பட்டது. நோய்க்குறி எதுவும் காட்டாமல் ஒரு போவா அந்த வைரஸை நெடுங்காலம் சுமக்கக்கூடும் என்பதுதான் இதில் அஞ்சவேண்டியது. படம் எடுப்பவர்கள் இதை எளிதில் மறந்துவிடுகிறார்கள். ஒரே கறுப்புத் துணியின் மேல் ஆறு பாம்புகளை அடுத்தடுத்து வைத்துப் படம் எடுத்தால், ஆறு பெட்டிகளையும் ஒன்றாக்கிவிட்டதாகவே பொருள். ஆகவே பாம்புக்கொரு துணி. ஒவ்வொன்றுக்கும் இடையே கை கழுவுதல். தனியறையில் இருக்கும் பாம்பு படத்துக்கு வெளியே வரவே கூடாது.

படம் எடுக்கச் சரியான காலம் சட்டை உரித்ததற்கு அடுத்த சில நாட்கள். இரை உண்டு 48 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கையாளும் அதிர்ச்சியில் கக்கிவிடும். பத்து நிமிடத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. வாயைத் திறந்து காற்றை உள்ளிழுத்துச் சீறும் குட்டியை நான் அன்றைக்கு அப்படியே பெட்டிக்குத் திருப்பிவிடுவேன்.

மேகமூட்டமான நாளின் ஒளி பெரும்பாலான உயிரினங்களைப் படமெடுக்க உகந்தது என்றாலும், இந்தப் பாம்பின் வானவில்லை அது அழித்துவிடும். வானம் முழுவதிலிருந்தும் ஒளி வரும்போது, செதிலின் ஒவ்வொரு புள்ளியும் பல கோணங்களில் பிரித்தனுப்பும் நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து வெளிறிவிடுகின்றன. நிறங்கள் பிரிந்து நிற்க ஒளி ஒரு சிறிய இடத்திலிருந்து வர வேண்டும். நான் ஒற்றை ஃபிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றி, பாம்புக்குப் பக்கவாட்டில் சற்று உயரத்தில் பிடிப்பேன். அதை ஒரு சாண் இடப்பக்கம் நகர்த்தி மறுபடியும் எடுத்தால், முதல் படத்தில் முதுகுத்தண்டை ஒட்டியிருந்த பச்சைப் பட்டை அடுத்ததில் விலாப்பக்கம் இறங்கியிருக்கும். அது இருந்த இடத்தில் ஊதா வந்து உட்கார்ந்திருக்கும். பாம்பு அசையவே இல்லை. நகர்ந்தது கோணம்தான். உடல் உருளை வடிவம் என்பதால் ஒவ்வொரு செதிலும் ஒளியை வேறு கோணத்தில் சந்திக்கிறது. எனவே எந்தப் படத்திலும் உடல் முழுதும் ஒரே அளவில் மின்னாது.

ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும் போலரைசர் வடிகட்டியை இங்கே எச்சரிக்கையோடு பயன்படுத்த வேண்டும். ஈரச் செதிலின் கண்கூசும் பளபளப்பைக் குறைப்பதற்காக அதை மாட்டித் திருகினால், பளபளப்போடு வானவில்லும் போய்விடும். இரண்டுமே மேற்பரப்பிலிருந்து திரும்பி வரும் ஒளி. கெரட்டின் போன்ற பொருளில் வடிகட்டியின் இந்த விளைவு, பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து ஏறத்தாழ 57 பாகைச் சாய்வில் உச்சமடைகிறது. நிறமிகளின் ஒழுங்கை மட்டும் ஆவணப்படுத்த விரும்பினால் அதுவே நல்ல கருவி. ஆகவே ஒவ்வொரு பாம்பையும் இருமுறை எடுக்கிறேன்: வடிகட்டியோடு ஒன்று, இல்லாமல் ஒன்று.

கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்க முயலும். கருத்த பாம்பு சட்டகத்தை நிறைத்தால் அது ஒளியை அள்ளி ஊற்றி, கறுப்பைச் சாம்பலாகவும் வானவில்லை வெளுப்பாகவும் ஆக்கிவிடும். மூன்றில் இரண்டு ஸ்டாப் முதல் ஒரு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்) குறைத்து வைத்தால் நிறங்கள் நிற்கும். நெருங்கி எடுக்கும்போது எல்லாம் தெளிவாக விழ வேண்டும் என்று லென்ஸின் துளையை எஃப் 22 வரை (எண் கூடக் கூடத் துளை சிறிதாகும்) சுருக்கவும் கூடாது; செதிலில் வானவில்லை உண்டாக்கும் அதே விளிம்பு விளைவு, லென்ஸின் சிறிய துளையில் ஒளியைப் பரவச் செய்து, செதில்களின் விளிம்புகளைக் குழைத்துவிடும். எஃப் 8, எஃப் 11 அளவில் கண்ணில் குவித்து எடுத்தால், உதட்டுச் செதில்களில் உள்ள வெப்பமுணரும் ஆழமற்ற குழிகள்கூடத் தெரியும்.

விலாவில் உள்ள கண்வடிவப் புள்ளிகளின் வரிசையும், அவற்றின் மேல்விளிம்பில் பிறைபோல் அமைந்த ஆரஞ்சும், முதுகு வளையங்கள் எங்கே ஒட்டி எங்கே பிரிகின்றன என்பதும் பாம்புக்குப் பாம்பு வேறுபடும். வடிகட்டி போட்டு எடுத்த படம் இந்த ஒழுங்கைக் காட்டும் அடையாள அட்டை. வடிகட்டி இல்லாத படத்தை, ஃபிளாஷின் இடமும் உயரமும் மாறாமல், ஒவ்வொரு சட்டை உரிப்புக்குப் பின்னும் எடுத்து, தேதி, எடை, அந்த மாதத்து ஈரப்பத அளவுகள் ஆகியவற்றோடு சேர்த்து வைக்கிறேன். ஒருமுறை ஒரு பாம்பின் கழுத்துக்குப் பின்னால் விரலகலத்துக்குப் பச்சை அறுந்திருப்பதைப் படத்தைப் பெரிதாக்கியபோதுதான் கண்டேன். பெட்டியருகே போய் விரலால் தடவியபோது, அங்கே பழைய சட்டையின் மெல்லிய துண்டொன்று ஒட்டியிருந்தது. வெதுவெதுப்பான ஈரத்துணி நிரப்பிய பெட்டிக்குள் பாம்பை அரைமணி நேரம் விட்டேன். துணிகளுக்கிடையே நெளிந்து வெளியே வந்தபோது அந்தத் துண்டு துணியில் தங்கிவிட்டது. மறுநாள் எடுத்த படத்தில் பச்சைப் பட்டை கழுத்தைக் கடந்து தலை வரை ஓடியது.