தூக்குக்குண்டு காட்டும் செங்குத்து

கொத்தனார் சுவரின் மேல்விளிம்பில் ஒரு சிறு கட்டையை ஒட்டிப் பிடித்து, அதன் நடுத்துளை வழியாக நூலை இறக்கித் தூக்குக்குண்டைத் தொங்கவிடுகிறார். கட்டையும் குண்டும் ஒரே அளவு அகலம் கொண்டவை. ஆகவே ஆடி அடங்கிய குண்டு சுவரைத் தொட்டும் தொடாமலும் நின்றால் சுவர் செங்குத்து. இடைவெளி தெரிந்தால் சுவரின் தலை வெளியே சாய்ந்திருக்கிறது. குண்டு சுவரில் அழுந்தினால் அடிப்பகுதி பிதுங்கியிருக்கிறது. இதற்குத் ‘தூக்குப் பார்ப்பது’ என்று பெயர்.

செங்குத்தில் உள்ள ‘செம்மை’ நிறமன்று, நேர்மை. செங்கோலிலும் செங்கோணத்திலும் இருப்பது அதுவே. ‘குத்து’ என்பது குத்துக்கல்லைப் போல நிமிர்ந்து நிற்பது. ஆனால் நம் பாடநூல்களில் இச்சொல் இரண்டு வேலை பார்க்கிறது. சாய்ந்து கிடக்கும் கோட்டுக்கும் 90 பாகையில் ஒரு செங்குத்து வரையலாம். அதற்குப் பூமியே தேவையில்லை. கொத்தனாரின் செங்குத்துக்கோ புவியீர்ப்பு வேண்டும். இலங்கைப் பாடநூல்கள் இந்த இரண்டாவதை ‘நிலைக்குத்து’ என்று பிரித்து வழங்குகின்றன. அந்தத் தெளிவு இங்கும் வந்தால் நல்லது. (குத்தெதிர்க் கோணங்களில் உள்ள ‘குத்து’ இரண்டிலும் சேராது. அதன் ஆங்கிலப் பெயரில் உள்ள ‘வெர்டிகல்’, கோணங்கள் சந்திக்கும் உச்சியைத்தான் குறிக்கிறது.)

தொங்கும் நூல் பூமியின் மையத்தைக் காட்டுகிறது என்றே பலரும் நினைக்கிறோம். பூமி சுழல்வதாலும் நடுவில் புடைத்திருப்பதாலும் நூல் மையத்தை விட்டுச் சற்று விலகியே நிற்கிறது. ஒரு பாகையில் 60 கலை. 45 பாகை அகலாங்கை (அட்சரேகையை) ஒட்டி இவ்விலகல் உச்சமாக ஏறத்தாழ 11.5 கலை, சென்னையில் சுமார் 5 கலை. மூன்று மீட்டர் நூலுக்கு இது நான்கு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம்.

பூமி உருண்டையாக இருப்பதால் செங்குத்து இடத்துக்கு இடம் வேறு. 1964இல் திறக்கப்பட்ட நியூயார்க்கின் வெரசானோ-நேரோஸ் பாலத்தில், 1298 மீட்டர் இடைவெளியில் நிற்கும் இரு கோபுரங்களும் தனித்தனியே செங்குத்தானவை. ஆயினும் 211 மீட்டர் உயர உச்சிகளுக்கு இடையிலான தொலைவு அடிகளுக்கு இடையிலுள்ளதைவிட 41 மில்லிமீட்டர் கூடுதல்.

அருகில் மலை இருந்தால் அதுவும் குண்டை இழுக்கும். 1802இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு (மற்ற அளவுகளுக்கெல்லாம் அடிப்படையாகும் நேர்கோடு) அளந்து ஆங்கிலேய அளவையாளர் வில்லியம் லாம்டன் தொடங்கிய நில அளவைப் பணி வடக்கே நீண்டபோது, இமயத்துக்கு அருகிலுள்ள கலியானாவுக்கும் அதற்குத் தெற்கே வெகு தொலைவிலுள்ள கலியான்பூருக்கும் இடையிலான அகலாங்கு வேறுபாடு, தூக்குநூலின் செங்குத்தை ஆதாரமாக வைத்து விண்மீன்களைக் கொண்டு கணக்கிட்டபோது ஒன்றாகவும் நிலத்தில் அளந்தபோது வேறாகவும் வந்தது. முரண் 5.24 விகலை, விகலை என்பது கலையில் அறுபதில் ஒரு பங்கு. இமயம் நூலை இழுத்ததே காரணம் என்று கருதி கணிதவியலாளர் ஜான் பிராட் 1855இல் கணக்கிட்டபோது, முரண் 15.9 விகலை இருந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. மலை இழுத்தது உண்மை, ஆனால் எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்குதான். அதே ஆண்டில் வானியலாளர் ஜார்ஜ் ஏரி சொன்ன விளக்கம் இது: மலைக்கு அடியில், சுற்றியுள்ள பாறையைவிட எடை குறைந்த வேர் ஒன்று ஆழமாக இறங்கியிருக்கிறது.