கப்பில் இருப்பது பழமா, காற்றா?

தீபாவளிக்கு அன்னாசி ஜாம் வைத்த பலகாரமான அன்னாசி டார்ட் செய்யும் வீடுகளில் வருடாவருடம் கேட்கும் புலம்பல் இரண்டு. ஜாம் கல்லாகிவிட்டது, இல்லையென்றால் கடைசிவரை இறுகவே இல்லை. அடுப்பின் மேல் பழி போடுவதற்கு முன், பழத்தை எதில் அளந்தோம் என்று பாருங்கள்.

240 மில்லி கப்பில் நறுக்கிய அன்னாசித் துண்டுகள் ஏறக்குறைய 165 கிராம்தான் கொள்ளும். மீதி, அதாவது கப்பில் மூன்றில் ஒரு பங்கு, துண்டுகளின் இடுக்கில் நிற்கும் காற்று. அதே பழத்தைச் சாற்றோடு அரைத்து ஊற்றினால் 245 கிராம் போகும். 'அன்னாசி 3 கப்' என்று மொட்டையாக எழுதிய குறிப்புக்கு 495 கிராமும் பொருந்தும், 735 கிராமும் பொருந்தும். சர்க்கரை மட்டும் அதே அளவு.

ஆகவே ஜாமுக்குச் சர்க்கரையைப் பழத்தின் எடையை வைத்தே கணக்கிட வேண்டும். துருவி, வடிதட்டில் போட்டுச் சாற்றை இறக்கி, அதன் பிறகு நிறுங்கள். நிறுத்த பின் சாற்றைப் பிழிந்தால், குறைந்துபோன பழத்துக்கு முழுச் சர்க்கரையும் விழும். ஆறியதும் ஜாம் பல்லை உடைக்கும். பிழியாமலே கிண்டினால் நீர் வற்ற வெகு நேரம் ஆகும். கை வலித்துப் பாதியில் இறக்கினால் அந்த ஈரம் டார்ட்டுக்குள் இறங்கி, சீக்கிரமே பூசணம் பிடிக்கும்.

வாழைப்பழ கேக்கிலும் இதே கோளாறுதான். வில்லைகளாக நறுக்கியது கப்புக்கு 150 கிராம், மசித்தது 225 கிராம். 75 கிராம் கூடினால் அதில் முக்கால் பங்கு தண்ணீர். நடுவில் அமுங்கி, அடியில் களிபோல் ஒரு பட்டை படியும். 'பழம் 3' என்ற அளவு இன்னும் மோசம். சின்ன வாழைப்பழமான பீசாங் மாஸ் மூன்றும், அதைவிடப் பெரிய பெராங்கான் மூன்றும் ஒன்றா? பாயசத்தில் போடும் திராட்சை வேறு கதை. அமுக்காமல் அளந்தால் 145 கிராம், அமுக்கினால் 165; எதுவானாலும் குடி முழுகிவிடாது.

எந்தக் கப் என்பதும் முக்கியம். 240, 250 மில்லி வித்தியாசத்தை விட்டுவிடலாம். ரைஸ் குக்கரோடு வரும் கப் 180 மில்லிதான். அதில் அளந்தால் கால் பங்கு குறையும். காலி டின்னில் அளப்பவர்களுக்கும் ஒன்று: 500 கிராம் என்று அச்சிட்ட கெட்டிப்பால் டின்னும் அரை லிட்டர் கொள்ளாது, ஏனென்றால் கெட்டிப்பால் தண்ணீரைவிட ஏறக்குறைய 1.3 மடங்கு கனம். சந்தேகமிருந்தால் பாத்திரத்தைத் தராசில் வைத்து, பூஜ்யமாக்கி, விளிம்புவரை தண்ணீர் ஊற்றுங்கள். எத்தனை கிராம் காட்டுகிறதோ அத்தனை மில்லி.

கோலாலம்பூரின் சௌக்கிட் சந்தையிலோ பினாங்கின் சௌரஸ்தா சந்தையிலோ பழம் வாங்கும்போது தோலையும் கணக்கில் சேருங்கள். ஒரு கிலோ அன்னாசியில் சதை ஏறக்குறைய பாதி. ஒரு கிலோ வாழைப்பழத்தில் 640 கிராம் அளவு. டுரியானில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. அதன் சதை கூழாக இருப்பதால் கப்பில் காற்றுக்கு இடமில்லை: ஒரு கப் 240 கிராம். அதற்கு முழுப் பழமாக 750 கிராமாவது வேண்டும். பெட்டியில் அடைத்த சதை லாபமா என்று பார்க்க, தோலோடு விற்கும் பழத்தின் கிலோ விலையை மூன்றால் பெருக்கி ஒப்பிடுங்கள்.